சுக்காமலையை இடம் வந்தவர்

சுக்காமலையைச் சுற்றி நடப்பவர்கள் திரும்பிப் பார்க்கலாம். திரும்பி நடக்கக் கூடாது.

மழை எட்டிப் பார்க்காத அந்தச் சீமையில் மலை என்று இருப்பது அது ஒன்றுதான். சுக்கைப் போலக் காய்ந்து, முண்டும் முடிச்சுமாக வெயிலில் கிடக்கும். அதைச் சுற்றி ஓர் ஒற்றையடிப் பாதை. விடியலில் அடிவார மடத்திலிருந்து புறப்பட்டால், முள்காட்டைத் தாண்டி, காட்டாற்றின் உருண்டைக் கற்களில் இடறி, ஏணிப்பாறையில் கையும் காலுமாகத் தொற்றி ஏறி, மலையின் முதுகுப்பக்கம் இருக்கும் நடுச்சுனையில் தண்ணீர் குடித்து, கருஞ்சரிவில் இறங்கி, பொழுது சாயும் நேரத்தில் மறுபடி மடத்துக்கே வந்து சேரலாம். மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும்.

மலைக்குப் பின்னால் ஒரு சிற்றூர் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் பிணத்தைத் தூக்கி வரும்போது மட்டும்தான் அந்தப் பாதையில் மலை இடக்கைப் பக்கம் இருக்க, இடமாக வருவார்கள். வேறு யாரும் அப்படி நடந்ததில்லை.

நடக்கிறவர் எதையாவது தவறவிட்டால் எடுக்கத் திரும்ப மாட்டார். பின்னால் வருகிறவர் அதை எடுத்து உடைமரத்து முள்ளில் மாட்டிவிட்டுப் போவார். துண்டு, மூக்குக் கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, ஒரு குழந்தையின் பால்புட்டி. அந்தக் காட்டு மரங்கள் காய்ப்பது இவற்றைத்தான்.

மடத்தில் குழலம்மை இருந்தார். வயது நாற்பதுக்குச் சற்று மேல். இங்கே எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று யாராவது பக்தியோடு கேட்டால், "பஸ்ஸில்தான்" என்பார். கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிய வெள்ளைப் புடவை, காலில் கான்வாஸ் ஷூ, கையில் ஒரு கம்பி முறிந்த குடை. அவ்வளவுதான் அவருடைய கோலம்.

அவருடைய சீடர் தில்லைநாயகத்துக்கு ஐம்பத்தைந்து வயது. அவர் குழலம்மையை "அம்மா" என்பார். குழலம்மை அவரை "ஐயா" என்பார். இதில் குரு யார், சீடர் யார் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப் போவார்கள்.

தில்லைநாயகம் டவுன் பஸ் ஓட்டியவர். ரயில் நிலையத்தில் கிளம்பி, ஊரை ஒரு வட்டம் அடித்து, ரயில் நிலையத்துக்கே வந்து நிற்கும் வண்டி. விருப்ப ஓய்வு வாங்கி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் உள்ளே அந்த வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. தூக்கம் பிடிக்கவில்லை. சோறு இறங்கவில்லை. பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று மனைவி மரகதத்திடம் சொல்லிவிட்டு மடத்துக்கு வந்தார். வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது.

வந்த அன்றே குழலம்மையிடம் கேட்டார். "என் மனசு ஏன் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதும்மா?"

குழலம்மை பதில் சொல்லவில்லை. மடத்தின் வழக்கம் அப்படி. கேள்வி கேட்டவர் அமாவாசைக்கு அமாவாசை, விடாமல் பன்னிரண்டு முறை மலையை வலம் வர வேண்டும். பன்னிரண்டாவது சுற்று முடிகிற மாலையில் பதில் கிடைக்கும். நடுவில் ஒன்று தவறினாலும், பாதையில் திரும்பி நடந்தாலும், மறுபடி முதலிலிருந்து.

இன்று தில்லைநாயகத்துக்குப் பன்னிரண்டாவது சுற்று.

குழலம்மையும் கூடவே வந்தார். வெயில் உச்சிக்கு ஏறும் முன்பே இருவரும் நடுச்சுனையை அடைந்துவிட்டார்கள். பாறைக்கு அடியில், இரண்டு ஆள் நீளத்துக்குத் தண்ணீர். குழலம்மை ஷூவைக் கழற்றிவிட்டு, சுனைக்கு வெளியே கசிந்து ஓடும் நீரில் காலை வைத்துக்கொண்டு வெள்ளரிக்காயைக் கடித்தார். தில்லைநாயகத்துக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. பாதி மலை முடிந்துவிட்டது. சாயங்காலம் பதில் வரும். அந்தப் பதில் எப்படி இருக்கும் என்று, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையைப் போல யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஏணிப்பாறைப் பக்கமிருந்து ஒருவர் ஏறி வந்தார். கறுத்த, பருத்த மனிதர். சட்டையைக் கழற்றித் தலையில் கட்டியிருந்தார். தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"சுடலையாண்டிம்பாங்க. லாரி ஓட்டுறேன். பையனுக்கு உடம்பு சரியில்லை, அதுக்காக நேர்ந்துக்கிட்ட நடை." குழலம்மையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு தில்லைநாயகத்தின் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி எந்தப் பக்கம்?"

"மடத்துலதான் இருக்கேன். முன்னால டவுன் பஸ் ஓட்டினேன்."

"டவுன் பஸ்ஸா." சுடலையாண்டி சிரித்தார். "வேலையிலயும் சுத்து, விட்ட பிறகும் சுத்து. வேற நல்ல ரூட்டே கெடைக்கலையா அண்ணாச்சி?"

தில்லைநாயகமும் சிரித்தார். மடத்துக்கு வந்த பிறகு அவர் சிரித்தது குறைவு.

சுடலையாண்டி தலைக்கட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குகிறவரைப் போல வந்த வழியைப் பார்த்தார்.

"பின்னால ஒரு அம்மா தனியா வந்துக்கிட்டிருக்காங்க. ஆத்துக் கல்லுக்கிட்ட உக்காந்திருந்தாங்க. கையில ஹேண்ட்பேக், காலுல வீட்டுல போடுற ரப்பர் செருப்பு. அதுலயும் ஒண்ணு வார் அறுந்துபோச்சு. என்கிட்ட இருந்த தண்ணியில பாதியைக் குடுத்தேன்."

"எதுக்கு வந்தாங்களாம்?" என்று கேட்டார் குழலம்மை.

"வீட்டுக்காரரைப் பாக்கணுமாம். முன்னால போய்க்கிட்டிருக்காராம். டிரைவரா இருந்தவராம்."

சொல்லி முடித்த பிறகுதான் சுடலையாண்டிக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. மெதுவாகத் தில்லைநாயகத்தைப் பார்த்தார்.



மடத்தில் ஒரு போன் உண்டு. சமையல் பார்க்கும் மூக்காயியிடம் இருக்கும். தை மாதத்தில் ஒருநாள் மூக்காயி வந்து, "உங்க வீட்டுல இருந்து ஐயா. பொண்ணுக்கு நிச்சயமாயிருக்காம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்" என்றாள். சுற்றெல்லாம் முடியட்டும், அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லச் சொன்னார் தில்லைநாயகம். அடுத்த முறையும் அதையே சொல்லச் சொன்னார். அதற்கடுத்த முறை மூக்காயி அவரைக் கேட்காமலேயே அதைச் சொல்லிவிட்டாள். பேசினால் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்று பயந்தாரா, பேசிய பிறகும் போகாமல் இருந்துவிடுவோம் என்று பயந்தாரா, அவருக்கே விளங்கவில்லை.

"அவளுக்குச் சர்க்கரை உண்டு" என்றார் தில்லைநாயகம். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"அப்படித்தான் தெரிஞ்சுது அண்ணாச்சி. கை நடுங்குச்சு."

"திரும்பி மடத்துக்குப் போயிருப்பா. இவ்வளவு தூரம் அவளால முடியாதுன்னு அவளுக்கே தெரியும்."

"நானும் அதைத்தான் சொன்னேன். திரும்பிப் போங்கம்மான்னேன். திரும்பக் கூடாதாமேன்னு என்கிட்டயே கேக்காங்க. நான் என்ன சொல்ல?" சுடலையாண்டி தலையைக் குனிந்துகொண்டார். "நானே கூட்டிட்டுப் போய் விட்டிருக்கணும். பையன் முகம் கண்ணுல வந்துட்டுது. திரும்பினா நேர்ந்தது வீணாப் போயிருமேன்னு வந்துட்டேன். இந்த மேட்டுல ஏறும்போது பூரா அதுதான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு."

அவர் இன்னொன்றும் சொன்னார். ஆற்றைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் போவது ஆட்டுத் தடம். பார்வைக்கு அதுதான் அகலமாக, நல்ல பாதை போல இருக்கும். போகப் போகப் பள்ளத்தில் இறங்கி, நிழலும் தண்ணீரும் இல்லாத கற்காட்டில் போய் முடிந்துவிடும். அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல அவர் மறந்துவிட்டார்.

தில்லைநாயகம் எழுந்து நின்றார். வந்த வழியைப் பார்த்தார். போக வேண்டிய வழியைப் பார்த்தார்.

"அம்மா, இங்கேருந்து ரெண்டு பக்கமும் ஒரே தூரம்தானே" என்றார். "வேகமா முன்னால நடந்தா மடத்துக்குப் போயிரலாம். மூக்காயி வீட்டுக்காரரை அந்தப் பக்கத்துல இருந்து அனுப்பி வெக்கலாம். அவருக்கு இந்தக் காடு நல்லாப் பழக்கம். நாம போறதைவிட அதுதான் நல்லது. இல்லையா?"

குழலம்மை வெள்ளரிக்காயின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"நான் சொல்றது சரிதானேம்மா?"

குழலம்மை ஷூவை மாட்டிக் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

தில்லைநாயகம் தன் மனசு கணக்குப் போடுவதைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார். மரகதம் வெயிலில் விழுந்து கிடப்பாளோ என்று அது நினைத்தது உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு நொடி முன்னால், பன்னிரண்டாவது சுற்று போய்விடுமே என்று நினைத்தது. எந்த நினைப்பு முதலில் வந்தது என்பதை இனி மாற்ற முடியாது. இந்த மனசையா ஒரு வருஷம் மலையைச் சுற்றிச் சுற்றிக் கழுவினேன் என்று நினைத்துக்கொண்டார்.

குழலம்மை இரண்டு புட்டிகளிலும் தண்ணீர் பிடித்தார். ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டார். குடையை விரித்தார். பிறகு மலை இடக்கைப் பக்கம் வர, வந்த வழியிலேயே நடக்கத் தொடங்கினார்.

சுடலையாண்டி வாயில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா" என்று கூப்பிட்டார் தில்லைநாயகம். "இடமாப் போறீங்க."

"ஆமா ஐயா. அவங்க அந்தப் பக்கம்தானே இருக்காங்க."

"நீங்க எத்தனை வருஷமாச் சுத்துறீங்க. எல்லாம் போயிருமே."

குழலம்மை நின்றார். "எங்கே போயிரும்?"

 தில்லைநாயகம் கீழே இருந்த மற்றொரு புட்டியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினார்.

சுடலையாண்டியும் எழுந்தார். "நானும் வாறேம்மா."

"வேண்டாம்" என்றார் குழலம்மை. "நீங்க உங்க பையனுக்காக நடங்க. மடத்துக்குப் போனதும் மூக்காயியைக் கஞ்சி வெக்கச் சொல்லுங்க. ஆள் கூடுதல்னு சொல்லுங்க."

சுடலையாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேர்வையாகவும் இருக்கலாம்.

ஏணிப்பாறையில்தான் சிக்கல் வந்தது. அதில் யாரும் இறங்கி அவர்கள் பார்த்ததில்லை. ஏறுகிறவருக்குக் கை வைக்கிற இடமெல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும். இறங்குகிறவர் பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண் தெரியாதவரைப் போலக் காலால் தடவ வேண்டும். பாறை அடுப்புக்கல்லாகக் கொதித்தது. குழலம்மை குடையை மடக்கிக் கீழே போட்டுவிட்டு முதலில் இறங்கிவிட்டார். தில்லைநாயகம் பாதியில் நின்றுவிட்டார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. 

"அம்மா, கால் எங்கே வெக்கிறதுன்னு தெரியலை."

கீழேயிருந்து குழலம்மையின் குரல் வந்தது. "வரலாம்… வரலாம்… வரலாம்…"

பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் கொடுக்கும் அதே ராகம்.

"வரலாம்… ஹோல்டான். லெஃப்ட்ல ஒடிங்க. இடது காலை இன்னும் அரையடி கீழே விடுங்க. அங்கே ஒரு பொந்து இருக்கு. ரைட்."

அந்தப் பயத்திலும் தில்லைநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. "இதெல்லாம் எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?"

"நானும் டவுன் பஸ்ல போனவதான். பேச்சு வேண்டாம். வரலாம்… வரலாம்…"

கீழே கால் வைத்ததும் பாறையில் ஏறக் காத்திருந்த ஒரு குடும்பம் அவர்களைப் பார்த்தது. இருவர் இடமாக வருவதைக் கண்ட ஒரு பெண் கைக்குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். கூட இருந்த பெரியவர் முகத்தைச் சுளித்தார்.

"நல்ல நாளும் அதுவுமா எதுக்க வாறீங்களே. யாரு செத்தது?"

"இன்னும் யாரும் சாகலை" என்றார் குழலம்மை. "அதுக்குத்தான் அவசரமாப் போறோம். வழியில ஒரு அம்மாவைப் பாத்தீங்களா?"

"ஆத்துப் பக்கம் யாரையும் காணலையே."

 ஆற்றங்கரையில் இல்லை என்றால் ஆட்டுத் தடத்தில்தான் போயிருக்க வேண்டும். தில்லைநாயகம் குழலம்மையை முந்திக்கொண்டு நடந்தார். கல் இடறிக் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அதன் பிறகு அவர் பார்க்கவில்லை.

பாதை பிரியும் இடத்தில் புழுதி இருந்தது. ஒரு கால் செருப்புத் தடம், ஒரு கால் வெறுங்கால் தடம். மாறி மாறி ஆட்டுத் தடத்தில் இறங்கிப் போயிருந்தது. தில்லைநாயகம் குனிந்து அந்த வெறுங்கால் தடத்தைப் பார்த்தார். சுண்டுவிரல் மண்ணில் படவில்லை. மரகதத்துக்குச் சின்ன வயதிலிருந்தே அது மேலே தூக்கியபடி இருக்கும்.

"மரகதம்" என்று கூப்பிட்டார். குரல் எழும்பவில்லை. ஒரு வருஷமாகச் சொல்லாத பெயர். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கூப்பிட்டார். "மரகதம்!"

பதில் இல்லை. கற்காடு வெயிலில் நடுங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்துக்குள் சரிந்தும் விழுந்தும் இறங்கினார். இன்னொரு முறை கத்தினார்.

"இங்கேதான் இருக்கேன்" என்று பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "எதுக்கு இப்படிக் கத்துறீங்க?"

அரை ஆள் உயரப் பாறை. அதன் நிழல் ஒரு முழம்கூட இல்லை. அந்த நிழலுக்குள் தலையை மட்டும் வைத்து, ஹேண்ட்பேக்கை மடியில் அணைத்துக்கொண்டு மரகதம் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்துப்போயிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. நல்ல பட்டுக்கரைச் சேலை கட்டியிருந்தாள். அதன் கீழ்ப்பாதி முள்ளில் கிழிந்திருந்தது.

குழலம்மை வந்து குடையை அவளுக்கு மேலே பிடித்தார். மடியிலிருந்து வெல்லத்தை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, ஒரு சிட்டிகை உப்பும் போட்டு நீட்டினார்.

"சர்க்கரை எனக்கு ஆகாதுங்க" என்றாள் மரகதம்.

"இப்ப ஆகும். குடிங்க."

மரகதம் குடித்தாள். மெதுவாகக் கைநடுக்கம் நின்றது. அப்போதுதான் அவள் கணவனைச் சரியாகப் பார்த்தாள். தாடி, சதை வற்றிய கன்னம், ரத்தம் வடியும் கட்டைவிரல். அவள் முகத்தில் இரக்கம் வரப்போகிறது என்றுதான் தில்லைநாயகம் நினைத்தார்.

"நீங்க முன்னாலதானே போனீங்க?" என்றாள்.

"ஆமா."

"அப்ப எப்படிப் பின்னால வந்தீங்க?"

"திரும்பி வந்தேன்."

"இடமாவா?"

"உன்னைத் தேடித்தான்."

மரகதத்துக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "நானே எதிர்ப்பக்கமாக் கிளம்பியிருந்தா எப்பவோ உங்களைப் பிடிச்சிருப்பேன். காலையில முதல் பஸ்ஸுல இறங்கினதும் அந்தச் சமையல்காரம்மா சொன்னாங்க, இடமாப் போகவே கூடாதுன்னு. பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சுக்கிட்டு அபசகுனமா எதையும் செஞ்சிரக் கூடாதுன்னு நான் வலமாவே வந்தேன். இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தேன். நீங்க வந்து இப்படிக் கெடுத்துட்டீங்களே."

தில்லைநாயகம் குழலம்மையைப் பார்த்தார். குழலம்மை வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று பின்னால் இருந்தே தெரிந்தது.

"இந்தச் செருப்போட மலை ஏற வந்தியே" என்றார் தில்லைநாயகம்.

"கிரிவலம்னாங்க. தார் ரோடு போட்டிருக்கும், வழி நெடுக டீக்கடை இருக்கும், களைச்சா உக்காந்துக்கலாம்னு நினைச்சேன். நீங்க நடக்கிற ரோட்டுல நான் நடக்க முடியாதான்னுதான் கிளம்பினேன்."

"சாயங்காலம் வரைக்கும் மடத்துல இருந்திருக்கலாமே."

"நாலு மணிக்கு மேல பஸ் இல்லை. கல்யாணத்தை வெச்சுக்கிட்டு நித்திலா வீட்டுல தனியா இருக்கா." மரகதம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "இருந்திருந்தாலும் நீங்க வந்து, குளிச்சுட்டுப் பேசறேம்பீங்க. குளிச்சதும், நாளைக்குப் பேசறேம்பீங்க."

 அவள் சொன்னது அப்படியே நடந்திருக்கும்.

குழலம்மை அறுந்த செருப்பை எடுத்துப் பார்த்தார். "ஊக்கு இருக்காம்மா?" மரகதம் வளையலில் தொங்கிய ஊக்குகளில் பெரிதாக ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். குழலம்மை ஒரு கல்லில் உட்கார்ந்து, பிய்ந்த வாரை ஓட்டைக்குள் திணித்துக் குத்தத் தொடங்கினார்.

மரகதம் கணவனின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"சண்டை போட வரலை" என்றாள். "வைகாசியில முகூர்த்தம். தாரை வார்க்கிறப்ப மணையில என்கூட நீங்க உக்காருவீங்களா? என் தம்பி கேட்டுக்கிட்டே இருக்கான், நானும் என் பொண்டாட்டியும் உக்காரட்டுமாக்கான்னு. ஒவ்வொரு தடவையும் இரு, இருன்னு சொல்லி வெக்கிறேன். இன்னும் எத்தனை நாள் சொல்ல?"

"நித்திலா என்ன சொல்றா?"

"அவ எதுவும் கேக்கலை. அதான் எனக்குப் பயமா இருக்கு."

காற்று இல்லை. தூரத்தில் எங்கோ ஓர் ஆட்டின் மணி கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"வரமாட்டேன்னா வரமாட்டேன்னு சொல்லுங்க. நான் அழமாட்டேன். தம்பியை உக்காரச் சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாப்பேன். நீங்க இங்கேயே இருங்க, உங்களுக்கு எது நிம்மதியோ அதைச் செய்யுங்க. வருவேன்னா அதையாவது சொல்லுங்க. ஒண்ணும் சொல்லாம இருக்கீங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை."

தில்லைநாயகம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். வருகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. போனால், அந்த நாற்காலியும் அந்தத் தூங்காத நேரங்களும் மறுபடி வந்துவிடுமே என்று அதற்குள் ஒரு பயம் வந்தது. வரமாட்டேன் என்று சொல்லலாமா என்று நினைத்தார். மணையில் மச்சினனும் அவன் மனைவியும் உட்கார்ந்திருக்க, மரகதம் தள்ளி நிற்கும் காட்சியை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"கொஞ்சம் யோசிச்சு…" என்று ஆரம்பித்தார்.

"யோசிங்க" என்றாள் மரகதம். அவள் குரலில் இப்போது கோபம் இல்லை. அசதிதான் இருந்தது. "நான் எங்கேயும் போகலை. எழுந்திருக்கவே முடியலை."

தில்லைநாயகம் குழலம்மையின் பக்கம் திரும்பினார். கைகூப்பினார். அந்த வயதில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அம்மா, இதுக்குத்தானே நான் உங்ககிட்ட வந்தேன். எதுலயும் நிக்க மாட்டேங்குற மனசை வெச்சுக்கிட்டு இவளுக்கு நான் என்ன சொல்லுவேன்? சுத்து போனது போகட்டும். மறுபடி முதல்ல இருந்து நடக்கச் சொன்னாலும் நடக்கிறேன். என் கேள்விக்கு மட்டும் இப்ப பதில் சொல்லிருங்க. அதைக் கேட்டுட்டு இவளுக்கு நான் சொல்லிடறேன்."

குழலம்மை ஊக்கை அழுத்திப் பூட்டினார். செருப்பை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

"சொல்றேன் ஐயா. வரிசையில வாங்க. உங்களுக்கு முன்னாடி ஒருத்தங்க கேட்டுட்டு உக்காந்திருக்காங்க."